குரோனா, காசநோயா? முகாம் தண்ணீரால் வந்ததா?

மாசி 3, 2024, மாலை (கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்)

மகனுக்குப் பத்தொன்பது வயது. ஏழு மாதமாக வயிற்றோட்டம் நிற்கவில்லை. வலப்பக்க அடிவயிற்றில் வலி, இடைக்கிடை இரத்தம், பின்னேரத்தில் காய்ச்சல். 56 கிலோ இருந்தவன் இப்போது 44. குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்து இழையத் துண்டு எடுத்தார்கள். குரோன் நோயாகவோ காசநோயாகவோ இருக்கலாம் என்று அறிக்கை வந்திருக்கிறது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது இவனுக்கு நாலு வயது. அங்கே மாதக்கணக்காக வயிற்றால் போனது. அந்தத் தண்ணீர்தான் இன்றைக்கு இப்படிக் காட்டுகிறது என்று ஊரில் சொல்கிறார்கள். நான் கொதிக்க வைக்காமல்தான் கொடுத்தேன், விறகு இருக்கவில்லை. அதுதான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாசி 3, இரவு 9.40

அக்கா, விறகு இல்லாததற்குத் தாய் பொறுப்பில்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. ஆய்வுகூடத்தில் இழையத் துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, சாயமிட்டு, நோயியல் நிபுணரின் நுணுக்குக்காட்டிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பவள். என் தம்பிக்குக் குரோன் நோய், குடல் நெடுநாள் அழற்சியால் புண்ணாகும் நோய். ஆகவே இந்த நோயை மேசையின் இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு ஒன்று மட்டும். யாராவது "குடல் அழற்சிதான்" என்று சொல்லி ஸ்டீரொயிட் குளிசை எழுதித் தந்தால், காசநோயும் அமீபாவும் இல்லையென்று பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஸ்டீரொயிட் அழற்சியை அடக்கும், கூடவே உடம்பின் காவலையும் அடக்கும். உள்ளே இருப்பது காசநோய் என்றால் அது பரவும். அமீபா என்றால் குடல் ஓட்டையாகிவிடலாம்.

மாசி 4, காலை 5.15

நித்திரை வரவில்லை. முகாம் தண்ணீர்க் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அம்மா அதையே கேட்டார்.

குடலின் உட்சுவரில் மலத்துக்கும் எங்கள் இரத்தத்துக்கும் இடையே நிற்பது ஒரேயொரு கல அடுக்கு. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை அது உதிர்ந்து புதிதாகிறது. அதன் மேல் சளிப் படலம், கீழே நிர்ப்பீடனக் கலங்களின் பெரும்படை. சாப்பாட்டையும் கூடி வாழும் பற்றீரியாக்களையும் அந்தப் படை பொறுத்துக்கொள்ள வேண்டும், கெட்ட கிருமி வந்தால் மட்டும் எழ வேண்டும். குரோன் நோயில் பொறுக்க வேண்டியதையும் பொறுக்காமல் எழுந்து, சொந்தச் சுவரையே உடைக்கிறது.

சிறுகுடலின் சுவரில் இருக்கும் குழிகளின் அடியில் பனெத் கலங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. 1888இல் யோசெப் பனெத் விவரித்த கலங்கள். நாங்கள் இடும் இயோசின் சாயத்தில் அவற்றின் மணிகள் குன்றிமணி போலச் சிவந்து தெரியும். அந்த மணிகளுக்குள் கிருமிகொல்லிப் புரதங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் சென். லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாட் ஸ்டாப்பென்பெக் என்ற நோயியல் நிபுணர் இந்தக் கலங்களைத்தான் பிடித்துக்கொண்டார். ஏடிஜி16எல்1 என்ற மரபணு குறைவாக வேலை செய்யும் எலிகளில் பனெத் கலங்களின் மணிகள் ஒழுங்கு குலைந்து கிடந்தன. அதே மரபணு மாற்றம் உள்ள குரோன் நோயாளரின் துண்டுகளிலும் அப்படியே. அது 2008.

பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. அந்த எலிகளின் வம்சத்தை இன்னும் சுத்தமான விலங்குக்கூடத்தில் வளர்த்தார்கள். மரபணுக் குறை அப்படியே இருக்கிறது, பனெத் கலங்களோ நல்லபடி இருக்கின்றன. பழைய கூட்டில் இருந்து புதிய கூட்டில் இல்லாமல் போனது எது என்று தேடினார்கள். எலிகளுக்கு வரும் ஒரு நோரோ வைரசு. அதைக் கொடுத்ததும் மணிகள் மறுபடி குலைந்தன. மரபணு சரியாக உள்ள எலிக்கு அதே வைரசைக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஸ்டாப்பென்பெக்கும் ஹேர்பேர்ட் வேர்ஜினும் சேர்ந்து செய்த வேலை, 2010இல் வந்தது.

மனிதரில் நோரோ வைரசு வாந்தியும் வயிற்றோட்டமும் தருவது. சனம் நெருங்கி இருக்கும் இடத்தில் தீயாய்ப் பரவும். செட்டிகுளத்து முகாம்களில் ஒரு கூடாரத்தில் எத்தனை பேர் படுத்தோம் என்று உங்களுக்கும் தெரியும். ஆகவே அக்கா, ஊர் சொல்வதில் ஏதோ இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

மாசி 4, நண்பகல்

காலையில் எழுதியதில் கடைசிப் பந்தியை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். பின்னேரம் வேலை முடிந்து வந்து சரிசெய்கிறேன்.

மாசி 4, இரவு 8.05

சரி. முகாமில் நாங்கள் மூன்று பிள்ளைகள்: நான், தங்கச்சி, தம்பி. ஒரே தண்ணீர்த் தாங்கி, ஒரே வாளி, ஒரே வயிற்றோட்டம். தம்பிக்கு மட்டும்தான் நோய் வந்தது, அதுவும் எட்டு வருடம் கழித்து. தண்ணீர் மட்டும் காரணம் என்றால் வன்னியில் பாதிச் சனத்துக்குக் குரோன் இருக்க வேண்டும்.

அந்த எலி ஆய்வையே நிதானமாக மறுபடி படித்தேன். மரபணுவும் வைரசும் சேர்ந்தபோதும் குலைந்தவை மணிகள்தான். குரோன் போன்ற காயத்தைப் பார்க்கச் சுவரைப் புண்ணாக்கும் ஓர் இரசாயனத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் குடலில் பற்றீரியா இருக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் காயம் குறைந்தது. மரபணு, வைரசு, காயம், பற்றீரியா என்று நாலு கையும் ஒன்றாக விழ வேண்டும். அந்த நாலில் ஒரு கையைப் பிடித்து ஒரு தாயின் கை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. இந்த நோய் அழுக்கைவிட வசதியைத்தான் அதிகம் தொடர்ந்து போயிருக்கிறது. 1990களில் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஆய்வில், இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களில் குரோனின் உறவு நோயான பெருங்குடல் அழற்சி வெள்ளையரைவிடக் கூடுதலாக இருந்தது. 2013இல் வெளிவந்த ஆசிய–பசிபிக் ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தது: குரோனையும் பெருங்குடல் அழற்சியையும் சேர்த்து எண்ணினால் ஆசியாவில் வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் 1.37 புதிய நோயாளிகள், அவுஸ்திரேலியாவில் 23.67. எங்கள் பக்கம் கமரா விட்டுப் பார்க்காமலே விடுபடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு. அப்படி எண்ணினாலும் இடைவெளி பெரிது.

காலையில் "ஊர் சொல்வதில் ஏதோ இருக்கலாம்" என்று எழுதியதை மீட்டுக்கொள்கிறேன்.

மாசி 6, இரவு 10.20

அக்கா, தம்பியின் கதையை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்குத் தேவையான ஒரு விசயம் இருக்கிறது.

2017இல் தொடங்கியது. எட்டு மாதம் அமீபா என்று மெற்றோனிடசோல். நிற்கும், பிறகு வரும். மூலம் என்று ஒருவர், சூடு என்று ஒருவர். கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினான். கமரா விட்ட அன்று சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்கள். ஆறு துண்டு எடுத்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர், குரக்கன் மணியை விடச் சற்றுப் பெரிது. ஆறும் ஒரே போத்தலில், இழையத்தைக் கெடாமல் வைக்கும் போர்மலினுக்குள்.

அந்தப் போத்தல் நான் வேலை செய்யாத இடத்துக்குத்தான் போனது. என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். துண்டை மெழுகில் வைக்கும்போது உட்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று பார்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும். சரிந்து படுத்துவிட்டால் குழிகளின் வாய்மட்டும் வட்டம் வட்டமாகத் தெரியும், அடி தெரியாது. பிறகு நாலு மைக்ரோன் தடிப்பில் சீவ வேண்டும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டை நீருக்குள் சரித்து ஏந்தி எடுப்போம். மூச்சு வேகமாகப் பட்டாலே நாடா மடிந்துவிடும். அந்த நாடாவில் ஏறாத இடத்தில் நோய் இருந்தால் நிபுணர் எதைப் பார்ப்பார்?

முதல் அறிக்கை: நாட்பட்ட அழற்சி, கிரனுலோமா (நிர்ப்பீடனக் கலங்கள் திரண்ட சிறு முடிச்சு) இல்லை. வேறோர் நிபுணர் அதே மெழுகுக் கட்டியை வாங்கி இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் ஏழாவது மட்டத்தில் ஒரேயொரு கிரனுலோமா, சிறியது, நடுவில் இழையம் சிதைந்து பாற்கட்டி போலாகாதது. காசநோயில் கிரனுலோமாக்கள் பெரிதாக, ஒன்றோடொன்று கூடி, நடுச் சிதைந்திருக்கும். குரோனில் சிறிதாக, தனியாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். புத்தகத்தில் அப்படி. துண்டில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல வருவதும் உண்டு. காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்–நீல்சன் சாயமும் இட்டார்கள். ஒன்றும் இல்லை. குடல் துண்டில் கிருமிகள் மிகச் சிலவாகவே இருக்கும், சாயத்தில் தெரியாததால் காசநோய் இல்லையென்று ஆகாது.

அப்போது வைத்தியர் கேட்டார்: கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குத் துண்டு அனுப்பினீர்களா? அனுப்பவில்லை. போர்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், செத்ததை வளர்க்க முடியாது. சேலைனில், அதாவது உப்பு நீரில், ஒரு துண்டு போட்டிருந்தால் போதும். ஒரு மூடி, ஒரு போத்தல். அது இல்லாமல் போனதற்கு என் தம்பி ஒரு வருடம் கொடுத்தான்.

அக்கா, உங்கள் மகனுக்கு எடுத்த துண்டுகள் எதில் போயின என்று நாளைக்கே கேளுங்கள்.

மாசி 7, காலை

தாய் பதில் போட்டிருக்கிறார்: ஒரு போத்தல்தான், மணம் மூக்கில் ஏறியது என்று.

போர்மலின். அக்கா, இரண்டாம் முறை கமரா விட வேண்டி வருமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். விடுவதாக இருந்தால் காசநோய் வளர்ப்புக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனைக்கும் துண்டு அனுப்ப முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள், கூட்டத்தில் மறந்துபோவதுதான் நடக்கிறது. மார்பு எக்ஸ்றேயும் எடுக்க வேண்டும்.

மாசி 9, இரவு

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி, குரோன் நோயை 1932இல் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையில் பேரில் குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் மூவரும் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பெயர் வைத்தது அந்தக் கட்டுரை. அதற்கு முன்பே, 1913இல், கிளாஸ்கோவின் அறுவை வைத்தியர் டால்சியல் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார். மாட்டுக்கு வரும் யோன் நோயோடு ஒப்பிட்டவரும் அவர்தான். யோன் நோயைத் தருவது காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி. டால்சியல் தன் நோயாளிகளில் அந்தக் கிருமியைக் காணவில்லை. குரோனா, காசநோயா என்ற இதே கேள்வியோடு நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் நின்றிருக்கிறார் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

நோயுற்ற குடல் செத்து விறைத்த விலாங்குமீன் போல இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது கை நடுங்கியது. 2019இல் தம்பியின் குடல் சுருங்கி அடைத்து, 22 சென்ரிமீற்றர் வெட்டி எடுத்தார்கள். அவனுடைய துண்டை நீ தொடக்கூடாது என்று நிபுணர் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்து அறிக்கையும் போன பிறகு ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். விலாங்கேதான். இரணைமடுவில் பிடித்து வாளியில் போட்டது போல உருண்டு, வழுவழுத்து, விறைத்து. கொழுப்பு வெளியிலிருந்து விரல்கள் போல அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. திறந்தால் உள்ளே நீளமாகக் கீறிய புண்களும் அவற்றுக்கிடையே வீங்கிய தீவுகளும், கோடையில் வெடித்த குளத்தடி போல. சின்ன விரல் போகாத துவாரம். இதனூடாகத்தான் அவன் இரண்டு வருடம் சோறு தின்றிருக்கிறான்.

மாசி 13

கனடாவிலிருந்து ஒரு அக்கா சீஸ் பற்றிக் கேட்டிருக்கிறார். சீஸில் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) குரோன் புண்ணை ஆறவிடாது என்று 2021இல் ஸ்டாப்பென்பெக் குழு காட்டியிருக்கிறது. குரோன் உள்ளவர்கள் சீஸைத் தொடக்கூடாது.

மாசி 14

நேற்றைய கடைசி வசனம் பிழை. நான் செய்தித் துணுக்கைப் படித்துவிட்டு எழுதினேன், இன்றைக்குக் கட்டுரையைப் படித்தேன்.

அவர்கள் கண்டது இது: டெபாரியோமைசிஸ் என்ற மதுவம் குரோன் நோயாளரின் புண்பட்ட இழையத்தில் கூடுதலாக இருந்தது. காயம்பட்ட எலிக்கு அதைக் கொடுத்தால் காயம் மெதுவாக ஆறியது. அந்த மதுவம் சீஸிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் பழக்கமானது, உப்பைத் தாங்கும். சீஸை விட்டால் மனிதருக்கு நோய் ஆறும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கனடா அக்கா, உங்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம், குரோன் உள்ளவர்களில் பலர் ஏற்கெனவே மெலிந்தவர்கள். சாப்பாட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனால் மிஞ்சுவது கஞ்சியும் கவலையும்தான். எங்கள் அம்மா அப்படித்தான் தம்பிக்கு மிளகாய், தேங்காய்ப்பால், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினார். எடை இன்னும் நாலு கிலோ இறங்கியது.

உப்பு என்றதும் கருவாடு கேட்கப் போகிறீர்கள். அந்த ஆய்வு பேசியது சீஸையும் பதப்படுத்திய இறைச்சியையும்தான்.

மாசி 20

முள்ளியவளை அண்ணா பூச்சிக் குளிசையில் பழியைப் போடுகிறார். பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசை கொடுத்துக் குடற்புழுக்களை அழித்ததால்தான் நிர்ப்பீடனம் வேலையற்றுப் போய்ச் சொந்தக் குடலைத் தாக்குகிறது என்கிறார்.

இந்த எண்ணம் வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. யோல் வைன்ஸ்ரொக் என்ற அமெரிக்க வைத்தியர் பன்றியின் சாட்டைப் புழு முட்டைகளைக் குரோன் நோயாளர் 29 பேருக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை குடிக்கக் கொடுத்தார், 2500 முட்டைகள். பலருக்குச் சுகம் கண்டது, 2005இல் எழுதினார்கள். அதில் ஒப்பிடுவதற்கு முட்டை இல்லாத போலி மருந்து குடித்த கூட்டம் இருக்கவில்லை. பிறகு பெரிய அளவில், ஒப்பிட்டுச் செய்தபோது பலன் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசையைக் கொடுங்கள் அண்ணா. கொக்கிப் புழு இரத்தத்தைக் குடிக்கும், வன்னியில் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை ஏற்கெனவே போதும்.

பங்குனி 2, இரவு 11

இதை எழுத வேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

தம்பிக்குக் கிரனுலோமா கண்ட பிறகு வைத்தியர் காசநோய் மருந்துதான் தொடங்கினார். நான் கோபப்பட்டேன். துண்டில் குரோன் என்றே தெரிகிறது, கிருமி காணவில்லை, ஏன் மூன்று மாதம் வீணாக்குகிறார் என்று வீட்டில் கத்தினேன். மூன்று மாதம் கழித்து மறுபடி கமரா. புண் அப்படியே. அப்போதுதான் குரோன் என்று முடிவாகி ஸ்டீரொயிட்டும், நிர்ப்பீடனத்தை அடக்கும் அசதயோபிரினும் தொடங்கினார்கள். அந்த மூன்று மாதமும் அதற்கு முந்திய மாதங்களும் சேர்ந்து குடல் தழும்பாகிச் சுருங்கியது என்றுதான் நான் நெடுகச் சொல்லி வந்தேன்.

இன்றைக்கு எங்கள் மேசைக்கு வந்த ஒரு துண்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. வயது முதிர்ந்த ஒருவருடையது, வேறு எதுவும் எழுத மாட்டேன். எங்கோ ஒரு மருந்துக்கடையில் வாங்கி நாலு மாதம் ஸ்டீரொயிட் குடித்திருக்கிறார். சீல்–நீல்சன் தகடு முழுக்கச் சிவப்புக் கோல்கள். குடல் துண்டில் அவ்வளவு கிருமியை நான் கண்டதில்லை.

காசநோயைக் குரோன் என்று நினைத்து மருந்து கொடுத்தால் ஆள் போகலாம். குரோனைக் காசநோய் என்று நினைத்தால் காலம் போகும், குடல் கொஞ்சம் போகும். தம்பியின் வைத்தியர் இந்த இரண்டையும் எடைபோட்டுத்தான் செய்திருக்கிறார். எங்கள் நாட்டில் அப்படித்தான் எடைபோட வேண்டும். நான் கத்தியது அந்த மனிதருக்குக் கேட்கவில்லை, அது நல்லது. தவறியது அந்த ஒரு போத்தல் சேலைன். அதில் மட்டும் என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பங்குனி 11

தாய் எழுதியிருக்கிறார்: இன்று இரண்டாம் கமரா முடிந்தது. வைத்தியர் தானாகவே இரண்டு போத்தல் வைத்திருந்தார், கேட்கவே வேண்டி வரவில்லை. ஒன்றில் மணம், ஒன்றில் மணம் இல்லை.

இந்த வரியை நாலு தடவை வாசித்தேன்.

பங்குனி 24

வளர்ப்பு முடிவுக்கு ஆறு, எட்டு கிழமை எடுக்கும் அக்கா. காசநோய்க் கிருமி சோம்பேறி, ஒன்று இரண்டாவதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும். ஜீன்எக்ஸ்பேர்ட்டில் கிருமி இல்லையென்று வந்ததை வைத்துக் காசநோய் இல்லையென்று முடிவெடுக்க வேண்டாம், குடல் துண்டில் அது பலமுறை தவறவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் நுணுக்குக்காட்டியில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். பெருங்குடலின் நல்ல துண்டில் குழிகள், வரிசை பிடித்து ஊன்றிய கச்சான் போல, நேராக, சம இடைவெளியில் நிற்கும். திடீரென்று வந்த கிருமி வயிற்றோட்டத்தில் வெள்ளைக் கலங்கள் நிறைந்திருக்கும், வரிசை குலையாது. பல கிழமை, பல மாதம் எரிந்த குடலில்தான் குழிகள் கிளைவிட்டு, சரிந்து, கட்டையாகி நிற்கும், பன்றி புகுந்த தோட்டம் போல. பெருங்குடலின் இடப்பக்கத்தில் பனெத் கலம் கண்டாலும் அப்படித்தான்; அவை அங்கே இருக்க வேண்டியவை அல்ல, நெடுநாள் காயத்தில் முளைப்பவை. இதை வைத்து "இது நேற்று வந்த நோய் இல்லை" என்று நிபுணர் சொல்லலாம்.

உங்கள் மகனின் அறிகுறிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு என்னவோ குரோன் என்றே படுகிறது. தம்பிக்கும் இதே வயது, இதே பக்கத்து வலி, இதே எடை இறக்கம். மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். குரோன் வந்தால் உலகம் முடியாது. தம்பி இன்று 61 கிலோ, மோட்டார் சைக்கிள் திருத்தகம் வைத்திருக்கிறான். அசதயோபிரின் குடிப்பதால் இரத்தக் கல எண்ணிக்கை பார்க்க ஒழுங்காகக் கிளினிக் போகிறான்.

வைகாசி 6, மாலை 6.30

வளர்ந்திருக்கிறது. சேலைன் போத்தலில் போன துண்டிலிருந்து காசநோய்க் கிருமி வளர்ந்திருக்கிறது. தாய் மத்தியானம் எழுதியிருந்தார், நான் இப்போதுதான் பார்த்தேன்.

பங்குனி 24இல் நான் எழுதியது பிழை. உங்கள் மகனின் முகத்தில் தம்பியைப் பார்த்துவிட்டேன். பின்னேரக் காய்ச்சலை முதல் நாளே எழுதியிருந்தீர்கள், அதற்கு நான் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. உங்களைக் குரோனுக்குத் தயார்ப்படுத்த எனக்கு உரிமை இருக்கவில்லை.

வைகாசி 6, இரவு 9

அழுதுகொண்டு எழுதியிருக்கிறீர்கள், காசநோய் என்றால் ஊர் ஒதுக்கும் என்று. அக்கா, இரண்டில் இது முழுதாக மாறுகிற நோய். ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. அரசாங்கத்தின் மார்பு நோய்க் கிளினிக்கில் இலவசம். மார்பு எக்ஸ்றேயில் நெஞ்சு சுத்தம் என்று எழுதியிருந்தீர்களே, அப்படியானால் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அவனிடமிருந்து பொதுவாக ஒருவருக்கும் தொற்றாது. வீட்டில் யாருக்காவது இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டுக் காசநோய் பாலிலும் வரலாம், கறந்த பாலைப் பொங்கவைத்துக் குடியுங்கள்.

முகாமா என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் இருமலோடு காற்றில் வரும், உடம்புக்குள் வருடக்கணக்கில் உறங்கும். முகாமிலோ, பஸ்ஸிலோ, பள்ளிக்கூடத்திலோ, எந்த இருமலில் வந்தது என்று எந்த நுணுக்குக்காட்டியும் காட்டாது. நீங்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்காததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

வைகாசி 7, காலை 5.40

நேற்று எழுத மறந்துவிட்டேன், அவன் முதல் குளிசை குடிக்க முதல் வாசித்துவிடுங்கள். மருந்தில் ரிபாம்பிசின் இருக்கும். சிறுநீர் செம்மஞ்சளாக, சில நேரம் சிவப்பாகவே போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும், வெள்ளைச் சேட்டில் கறை படியும். அது இரத்தம் இல்லை, மருந்தின் நிறம். தம்பி முதல் நாள் அதைக் கண்டு கத்திக்கொண்டு மலசலகூடத்திலிருந்து ஓடிவந்தான், அம்மா அன்றைக்கே மருந்தை நிறுத்தப் பார்த்தார். கண் வெண்விழி மஞ்சளானாலோ, சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தாலோ உடனே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்; அது ஈரலைப் பார்க்க வேண்டிய விசயம். எடையை ஒவ்வொரு ஞாயிறும் ஒரே தராசில் பார்த்து இங்கே எழுதுங்கள். 44இலிருந்து தொடங்குவோம்.